இரண்டு விரல் கூடுதல்

சைகோன் விமான நிலையத்தில் ஒருவரை அழைத்துப் போக ஒருவர் வருவது என்பது நடக்காத காரியம். ஒருவர் இறங்கினால் ஒரு வேன் நிறைய ஆள் வரும். அதுவும் சந்திர வருடப் பிறப்புக்கு முந்தைய நாள் என்றால் கேட்கவே வேண்டாம். தடுப்புக் கம்பிக்கு அப்பால் ஆற்று டெல்டாவில் பாதியும் திரண்டு நின்று, கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் யார் பெயரையாவது சொல்லிக் கத்திக்கொண்டிருக்கும்.

லியூவுக்காக வந்தது இரண்டே பேர்தான். ஆனால் தோவாவும் ஹுவேயும் சேர்ந்துவிட்டால் அது இருபது பேருக்குச் சமம். மூவரும் ஸா டெக்கில் ஒரே வாய்க்கால் கரையில் பிறந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். இருபது வயதில் லியூ தைவானுக்குக் கல்யாணமாகிப் போனாள். மற்ற இருவரும் அங்கேயே பூ வளர்த்துக்கொண்டு இருந்துவிட்டார்கள்.

"அடியே லியூ! இங்கடி! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

தோவா கம்பிக்கு அடியில் குனிந்து நுழைந்தே வந்துவிட்டாள். காவலாளி விசில் அடித்தான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லியூவைக் கட்டிக்கொண்டாள், உடனே தள்ளி நிறுத்தி இளைத்துவிட்டாய் என்று திட்டினாள். லியூவின் கணவன் வெய்யைப் பார்த்து, "என்ன தைவான் மாப்பிள்ளை, முடியெல்லாம் எங்க போச்சு?" என்றாள். மகள் டிங்கின் கன்னத்தைக் கிள்ளினாள். பிறகு அவள் கண் தள்ளுவண்டிக்குப் பின்னால் நாலாவது ஆளைத் தேடியது.

"எங்கடி என் பிள்ளை?"

விமானம் ஏறியதிலிருந்து லியூ இந்தக் கேள்விக்குத்தான் தயாராகிக்கொண்டு வந்தாள். "பரீட்சைடி. எவ்வளவோ கெஞ்சினேன். அடுத்த தடவை வரேன்னு தோவா அம்மாகிட்ட சொல்லுன்னான்."

"வருஷப் பொறப்புக்கு எவன்டி பரீட்சை வைக்கிறான்?" என்றாள் ஹுவே. "அந்த ஊரு வாத்தியானுங்க எல்லாம் கல்லுலயா பொறந்தானுங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். லியூவும் சிரித்தாள். வெய் பெட்டியைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டான். டிங் மட்டும் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பாவோ இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

மழை நாள். நண்பனின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தான். நாற்சந்தியில் ஒரு லாரி. நண்பனுக்குக் கால் உடைந்தது. பாவோவுக்கு வெளியே பெரிய காயம் எதுவும் இல்லை, உள்ளே எதுவும் மிச்சமில்லை. பதினேழு வயது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் லியூவால் மன்னிக்கவே முடியவில்லை. வெய் வீட்டு வழக்கப்படி, பெற்றவர்கள் பிள்ளையின் சவத்தோடு போகக் கூடாது. வெய்யின் கையில் ஒரு கோலைக் கொடுத்துப் பெட்டியைத் தட்டச் சொன்னார்கள். அப்பா அம்மாவை விட்டுவிட்டு முந்திக்கொண்டவனுக்கு அடியாம். எந்தப் புண்ணியவான் இதையெல்லாம் ஏற்படுத்தி வைத்தானோ, அவனுக்குப் பிள்ளை இருந்திருக்காது. லியூவிடம் பாவோவின் பள்ளிச் சட்டையைக் கொடுத்தார்கள். விபத்து நடந்த நாற்சந்தியில் நின்று, சட்டையை ஏந்திக்கொண்டு, 'வீட்டுக்கு வா' என்று கூப்பிடச் சொன்னார்கள். ஆவி வழி தெரியாமல் அங்கேயே நின்றுவிடக் கூடாது என்பதற்காக. அவளும் கூப்பிட்டாள். லாரிகளும் பேருந்துகளும் ஒதுங்கிப் போக, தொண்டை கிழியக் கூப்பிட்டாள். அவள் பங்கு அவ்வளவுதான். பெட்டி கிளம்பியதும் அவளை உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். அவன் எரிந்ததை அவள் பார்க்கவில்லை. சாம்பலைப் பார்த்தாள். சாம்பலுக்கு முகம் ஏது?

அந்த வாரமே தோவா தொலைபேசியில் கூப்பிட்டாள். பூச்செடிக்கு வந்த நோயைப் பற்றி ஏதோ புலம்பிவிட்டு, கடைசியில் கேட்டாள்: "பாவோ என்னடி பண்றான்?"

"தூங்கறான்" என்றது லியூவின் வாய்.

திட்டம் போட்டுச் சொன்னதில்லை. வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகு, அந்த இரவு முதன்முறையாக அவளும் தூங்கினாள். அதன் பிறகு தோவா எப்போது கூப்பிட்டாலும் பாவோ ஏதாவது செய்துகொண்டிருந்தான். சளி பிடித்தது. நூடுல்ஸ் கடையில் வேலைக்குப் போனான். ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னால் முகம் சிவந்தான். "வளந்துட்டானாடி?" என்று தோவா கேட்டபோது, "ரெண்டு விரல் வளந்துட்டான், பழைய சட்டையெல்லாம் பத்தல" என்றாள். தைவானில், அவர்கள் குடியிருந்த தைச்சுங்கில், அவனைத் தெரிந்த அத்தனை பேருக்கும் அவன் செத்துவிட்டான். ஸா டெக்கில் மட்டும் வளர்ந்துகொண்டிருந்தான்.

வருடப் பிறப்பு நெருங்கியது. சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் பண்டிகைப் பலகாரம் செய்யக் கூடாது, அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுப்பார்கள். கொண்டுவந்தார்கள், நல்ல மனசுக்காரர்கள்தான். ஆனால் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். ஒருவரும் உள்ளே வரவில்லை. அன்றைக்குத்தான் வெய், "உன் ஊருக்குப் போயிட்டு வரலாம்" என்றான். அவள் தோழிகளின் மடியில் விழுந்து அழுதால் தேறிவிடுவாள் என்று நினைத்தான். அவள் அழுவதற்கு வரவில்லை. மகன் உயிரோடு இருக்கிற ஊருக்கு வந்தாள்.

வேன் முழுக்கப் பாவோ பேச்சுத்தான். ஒன்பது வயதில் ஒரு கோடை முழுவதும் அவன் தோவா வீட்டில் இருந்தான். அவளை அம்மா என்றே கூப்பிட்டான். பூப் படகில் ஏறி ஆட்டம் போட்டு வாய்க்காலில் விழுந்து, இரண்டு கையிலும் சாமந்திச் செடியோடு எழுந்து நின்றானே, அந்தக் கதையை ஹுவே நடித்தே காட்டினாள்.

"'பூவை விடலையே, பூவை விடலையே'ன்னு கத்தினான்டி! மூக்குல சேறு, வாயில சேறு, அப்பவும் பூவை விடல!" ஹுவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என் அண்ணன் பொண்ணு ஒருத்தி இருக்கா. அவனுக்காகவே சொல்லி வச்சிருக்கேன். நூடுல்ஸ் கடைக்காரி எவளாவது கொத்திக்கிட்டுப் போயிடப் போறா, பாத்துக்கோ."

"அவ நல்ல பொண்ணுதான்டி" என்றாள் லியூ. இல்லாத பெண்ணுக்குப் பரிந்து பேசினாள். அவளுக்கு அந்த நேரம் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. டிங் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். அதில் பாட்டு எதுவும் ஓடவில்லை என்பது லியூவுக்குத் தெரியும்.

"நீ நாளைக்கு எங்க இருப்பே?" என்று லியூ பேச்சை மாற்றினாள்.

"படித்துறையிலதான். வேற எங்க?" என்றாள் ஹுவே. "புருஷன முழுங்கினவள முதல் நாள் காலையில எவ உள்ள விடுவா? வருஷா வருஷம் அங்க போய் உக்காந்து தர்பூசணி விதை கொறிப்பேன். வீட்டுல இருந்தா செவுரு மொறைக்குது. மத்தியானத்துக்குள்ள எல்லார் வீட்டுலயும் எவனாவது ராசிக்காரன் கால் வச்சிருப்பான். அப்புறம் போய் ஒரு வெட்டு வெட்டுவேன் பாரு."

"நல்ல நாளும் அதுவுமா வாய மூடுடி" என்று தோவா அவள் தொடையில் அடித்தாள்.

விடுதி என்று பெயர்தானே தவிர, ஆற்றங்கரையில் ஒரு குடும்பம் மாடியறைகளை வாடகைக்கு விட்டிருந்தது, அவ்வளவுதான். பெட்டிகளை அங்கே போட்டுவிட்டு மாலை சாப்பாட்டுக்குத் தோவா வீட்டுக்குப் போனார்கள். கடைத்தெருவில் விற்காத பூக்களைக் குத்துக் குத்தாக ஆற்றோரம் கொட்டிக்கொண்டிருந்தார்கள். நாளைக்கு அவற்றை யாரும் வாங்கமாட்டார்கள்.

தோவா வீட்டு வாசலில், வருடப் பிறப்புக்கென்றே மஞ்சளாகப் பூக்கும் மாய் மரம் மொட்டும் பூவுமாக நின்றது. உள்ளே மருமகள் லாம் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். எட்டு மாத வயிறு. எழப் போனவளை மாமியார் ஒரு அதட்டலில் உட்கார வைத்தாள்.

"சித்தி, நல்லா இருக்கீங்களா? பாவோ தம்பி வரலையா?" என்றாள் லாம். அவள் ஒரு கை வயிற்றின் அடியிலேயே இருந்தது. விட்டால் விழுந்துவிடும் என்பதுபோல் தாங்கிக்கொண்டிருந்தாள். அதற்குக் காரணம் இருந்தது. முதல் பிள்ளை மூன்றாம் மாதத்தில் கலைந்தது. இரண்டாவது ஏழாம் மாதத்தில் அசையாமல் போய், செத்துத்தான் பிறந்தது.

தேங்காய்த் தண்ணீரில் வேகவைத்த பன்றிக்கறியும் முட்டையும், வாழையிலையில் சுற்றிய ஒட்டரிசிக் கட்டியும், ஊறுகாயும் பாயில் பரப்பியிருந்தார்கள். பாதிச் சாப்பாட்டில் தோவா லியூவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். மாட்டேன்னு சொல்லக் கூடாது."

"சொல்லுடி."

"நாளைக்குக் காலையில என் வீட்டுக்குள்ள முதல் கால் நீதான் வைக்கணும்."

லியூவின் வாயில் இருந்த சோறு அப்படியே நின்றது. வருடத்தின் முதல் நாளில் முதலில் வாசல் தாண்டி வருகிறவரின் வீட்டு நிலவரம்தான் அந்த வருடம் முழுக்க அந்த வீட்டுக்கும். அதற்காகப் பிறந்த வருடத்தின் மிருகம் முதல் பொருத்தம் பார்த்து மாதக்கணக்கில் ஆள் தேடுவார்கள்.

"கோயில்ல பெரியவர்கிட்ட கேட்டேன்" என்றாள் தோவா. "எலி வருஷத்துல பொறந்தவளா இருக்கணும். புருஷன் இருக்கணும். ஆண் ஒண்ணு பொண்ணு ஒண்ணு பெத்து, ரெண்டும் நல்லா இருக்கணும். வீட்டுல சாவுத் தீட்டு இருக்கக் கூடாதுன்னாரு. எலி வருஷத்துக்காரிங்க நாம மூணு பேருதான். நான் இந்த வீட்டுக்காரி, ஆகாது. ஹுவே புருஷனை வழியனுப்பிட்டா. எண்ணிப் பாத்தா நீ ஒருத்திதான்டி. உன்ன மாதிரி நெறைஞ்ச வீடு யாருக்கு இருக்கு? ஆம்பளையோ பொம்பளையோ, இந்தத் தடவை உயிரோட பொறந்தா போதும் எனக்கு."

லாம் தலையைக் குனிந்துகொண்டாள். வெய்க்கு இந்த ஊர்ப் பேச்சு பாதிதான் புரியும். ஆனால் இந்தப் பாதி புரிந்துவிட்டது. அவன் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தான்.

"இன்னொண்ணு." தோவா எழுந்து அலமாரியிலிருந்து சிவப்புத் துணி ஒன்றை எடுத்துவந்தாள். நீளமான பண்டிகைச் சட்டை, கழுத்தில் பொன்னிற வேலை. "பாவோவுக்குத் தச்சேன். நீ போன்ல சொன்ன ஒயரத்தைத் தையல்காரன்கிட்ட சொல்லி, ரெண்டு விரல் கூட வச்சித் தச்சிருக்கேன். அவனுக்குத்தான் வர முடியல. நாளைக்கு நீ வரும்போது இதை ஏந்திக்கிட்டு வா. அவனே வந்த மாதிரி. என் வீட்டுக்குள்ள ஒரு பிள்ளை வரட்டும்."

லியூ கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். "வரேன்டி" என்றாள்.

திரும்பி நடக்கும்போது வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. படித்துறைப் பக்கம் வந்ததும் வெய் நின்றுவிட்டான்.

"நாளைக்குப் போகாதே" என்றான். "உண்மையைச் சொல்லு. முடியலைன்னா வயிறு சரியில்லைன்னு சொல்லு. ஆனா அந்த வீட்டுக்குள்ள போகாதே."

"ஏன்? நான் தீட்டா?"

"லியூ..."

"எட்டு மாசமா உங்க ஊர்ல எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க, வாயால சொல்லாம. பலகாரத்தை வாசல்ல வச்சிட்டுப் போனாங்க. நீங்க கோலால அடிச்சீங்க என் பிள்ளையை."

வெய்யின் முகம் சுருங்கிப்போனது. அந்தக் கையை அவன் பாக்கெட்டில் விட்டுக்கொண்டான். "அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்று மட்டும் கேட்டான்.

"ஒண்ணும் ஆகாது. இதையெல்லாம் நீங்க நம்பறீங்களா?"

"நான் நம்பறேனாங்கறது இல்ல. அவங்க நம்பறாங்க. நாளைக்கு ஏதாவது ஆகி, பின்னாடி தெரிஞ்சா? அந்தப் பொண்ணு உன் முகத்துல எப்படி முழிக்கும்? நீ எப்படி முழிப்பே?"

"ஒரே ஒரு தடவை" என்றாள் லியூ. சட்டை அவள் மார்போடு இருந்தது. "ஒரு தடவை அவனை ஒரு வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போறேன். நான் அன்னிக்கு நாற்சந்தியில நின்னு வா வான்னு கூப்பிட்டேன். அவன் வந்தானா? எனக்குத் தெரியாது. கதவைச் சாத்திட்டீங்க. நாளைக்கு அவனைச் சிரிச்சிக்கிட்டே 'வா'ன்னு கூப்பிட ஒரு வீடு இருக்கு. அதையும் வேண்டாங்கறீங்களா?"

டிங் இரண்டு பேரையும் பார்த்தாள். "அண்ணன் நூடுல்ஸ் கடையில வேலை பாக்கல" என்றாள். "அண்ணனுக்கு நூடுல்ஸே பிடிக்காது." சொல்லிவிட்டு முன்னால் நடந்துபோய்விட்டாள்.

மறுநாள் காலை விடுதிக்காரி புதுத்துணியில் பளபளத்துக்கொண்டு கீழே நின்றாள். வாழ்த்துச் சொல்லிவிட்டு, கொஞ்சம் நெளிந்து, "எப்ப வேணா திரும்பி வாங்க. ஆனா என் மச்சினர் கான் தோ-விலேருந்து வந்து முதல் கால் வச்சதுக்கு அப்புறம் வாங்க, என்ன? மத்தியானத்துக்குள்ள வந்துடுவாரு. தப்பா நெனைச்சுக்காதீங்க" என்றாள். வெளியே போகத் தடையில்லை, திரும்பி நுழைவதற்குத்தான் காத்திருக்க வேண்டும். லியூ தலையாட்டிவிட்டுப் படி இறங்கினாள்.

ஊரே கழுவி வைத்ததுபோல் இருந்தது. தெருவில் ஆள் இல்லை. எல்லோரும் அவரவர் வீட்டுக்குள் தங்கள் முதல் ஆளுக்காகக் காத்திருந்தார்கள். லியூ, நேற்றே தோவா அவளுக்கும் கொடுத்திருந்த சிவப்பு நீளுடையில், பாவோவின் சட்டையை இரண்டு கைகளிலும் ஏந்தி நடந்தாள். வெய்யும் டிங்கும் பின்னால் வந்தார்கள். பாதித் தூரத்தில் அவள் கைகளுக்கு இந்த நடை பழக்கமானது என்று தெரிந்துவிட்டது. இதே உயரத்தில், இதே மாதிரி உள்ளங்கை விரித்து, ஒரு சட்டை. அவள் நடையை எட்டிப் போட்டாள்.

தோவா வீட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. நிலைப்படிக்கு அந்தப் பக்கம் வரிசையாக நின்றார்கள்: தோவாவின் கணவர், மகன், நடுவில் தோவா, அவள் தோளோடு ஒட்டிக்கொண்டு லாம். மாய் மரம் ஒரே இரவில் மொத்தமாகப் பூத்திருந்தது. அதுவே பெரிய சகுனம் என்று தோவா துள்ளிக்கொண்டிருந்தாள்.

"வாடி என் ராசிக்காரி! வலது காலை எடுத்து வை! சிரிச்சிக்கிட்டே வா!"

லியூ சிரித்தாள். படியருகே வந்தாள்.

"இரு இரு" என்று தோவா கையைக் காட்டினாள். "போன் போடுடி. சட்டை மட்டும் என்ன, அவன் மூஞ்சியும் வரட்டும். பிள்ளை நேராவே பாத்து நாலு வார்த்தை சொல்லட்டும்."

"இப்ப தூங்கறான்டி" என்றாள் லியூ. அந்தப் பொய் அவளுக்கு மூச்சு விடுவதுபோல் வந்தது.

லாம் சிரித்தாள். ஒரு கை வழக்கம்போல் வயிற்றுக்கு அடியில், மறு கையை லியூவை நோக்கி நீட்டியபடி, "அப்ப எழுப்புங்க சித்தி" என்றாள். "நல்ல நாளும் அதுவுமா தம்பிக்கு என்ன தூக்கம்? நான் கேட்டேன்னு சொல்லி எழுப்புங்க."

லியூவின் கால் தரையில் நின்றுவிட்டது. எழுப்புங்க. எட்டு மாதத்தில் இதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. எழுப்ப முடிந்தால் எழுப்பியிருக்க மாட்டாளா? அந்த மருத்துவமனைப் படுக்கையில் அவன் கன்னத்தைத் தட்டித் தட்டி எழுப்பியவள்தானே அவள். இந்தப் பெண்ணும் ஒரு படுக்கையில், அசையாத வயிற்றைத் தட்டித் தட்டி எழுப்பியிருப்பாள்.

"எழுந்திருக்க மாட்டான்" என்றாள் லியூ.

"என்னடி?"

"பாவோ இல்லடி தோவா. மே மாசமே போயிட்டான். ஸ்கூட்டர்ல வந்தவனை லாரி அடிச்சிடுச்சு. நான் பொய் சொன்னேன். பரீட்சை இல்ல, கடை இல்ல, அந்தப் பொண்ணு இல்ல. எல்லாம் பொய். பாவோ செத்துட்டான்."

தோவாவின் முகத்தில் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே தங்கியிருந்தது. முதலில் அவள் கைதான் நகர்ந்தது. அது லியூவிடம் வரவில்லை. பின்னால் போய் லாமின் வயிற்றைப் பிடித்து, அவளைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளியது. லியூ அதைப் பார்த்தாள். தானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததால் வலி ஒன்றும் குறையவில்லை.

"என் பிள்ளை..." என்றாள் தோவா. உதடு கோணிக்கொண்டு வந்தது. சட்டென்று முகத்தை அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். முதல் நாள் காலையில் வீட்டுக்குள் கண்ணீர் விழக் கூடாது. இரண்டு கண்ணிலும் குளம்போல் நிறைந்ததை விழவிடாமல் அப்படியே நின்றாள்.

"லியூ, நான் உன்ன கட்டிக்கணும்டி" என்றாள் கூரையைப் பார்த்தபடியே. "படி தாண்டி வந்து கட்டிக்கணும். ஆனா நான் வந்தா... திரும்பி உள்ள வரணுமே. இவ இருக்காளே." குரல் உடைந்தது. "மூணு நாள் பண்டிகை முடிஞ்சதும், நாலாம் நாள் வரேன். எங்க இருந்தாலும் வரேன். உக்காந்து அழுவோம். எவ்வளவு வேணாலும் அழுவோம். இன்னிக்குப் போடி. தயவுசெஞ்சு போ."

"போறேன்டி" என்றாள் லியூ.

லாம் மாமியாரின் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "சித்தி, நான் தெரியாம..." என்று ஆரம்பித்தவளின் வாயைக் கணவன் பொத்தினான். தோவாவின் கணவர் வந்து கதவைச் சாத்தினார். அறைந்து சாத்தவில்லை, சத்தமில்லாமல், மன்னிப்புக் கேட்பதுபோல்தான் சாத்தினார். ஆனால் அவளுக்குச் சாத்தப்பட்ட கதவு என்றால் எல்லாம் ஒன்றுதான்.

தெருவில் மூவரும் நடந்தார்கள். இரண்டு பக்கமும் கதவுகள் திறந்திருந்தன, விளக்கு எரிந்தது, உள்ளே சிரிப்புச் சத்தம். அந்த ஊரில் அப்போது அவர்கள் கால் வைக்கக் கூடிய வீடு ஒன்றுகூட இல்லை. விடுதிக்கும் போக முடியாது. கான் தோ-விலிருந்து மச்சினர் வர வேண்டும்.

"எங்க போறது?" என்றான் வெய். கால் போன போக்கில் ஆற்றுக்கு வந்தார்கள்.

நேற்றுக் கொட்டிய சாமந்திகள் கரையில் பாதி, தண்ணீரில் பாதியாகக் கிடந்தன. படித்துறையின் மேல்படியில் ஹுவே உட்கார்ந்து விதை கொறித்துக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பியவள், வாயைத் திறந்தாள். கேலி ஏதோ தயாராக வந்திருக்க வேண்டும். சிவப்பு உடையையும், ஏந்திய சட்டையையும், டிங்கின் முகத்தையும் பார்த்தாள். முதல் நாள் காலையில் காரணமில்லாமல் யாரும் இந்தப் படிக்கு வருவதில்லை என்பது அவளை விட யாருக்குத் தெரியும்? கேலி வாயிலேயே நின்றது.

"யாருடி?" என்று கேட்டாள்.

"பாவோ."

ஹுவே பக்கத்துப் படியைக் கையால் தட்டித் தூசு போக்கினாள். லியூ உட்கார்ந்தாள். வெய் ஒரு படி தள்ளி உட்கார்ந்து முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். ஆற்றில் ஒரு படகுகூட இல்லை.

"அவன் பூவை விடலைன்னு நேத்திக்குப் பூரா சிரிச்சேனே" என்றாள் ஹுவே. "நீயும் சிரிச்சியேடி, பாவி."

"நீங்க பேசினப்ப அவன் இருந்தான்டி. அதான் சிரிச்சேன்."

லியூ மடியில் சட்டையை விரித்தாள். நல்ல துணி. கழுத்து வேலையைத் தோவா தன் கையாலேயே போட்டிருப்பாள், பின்பக்கம் பார்த்தாலே தெரிந்தது. லியூ அடி விளிம்பைப் பிடித்து, விரல் வைத்து அளந்து, உள்பக்கமாக மடித்தாள்.

"இவ்வளவு வளரலடி அவன்" என்றாள். "நான்தான் சொன்னேன். ரெண்டு விரல். அவ நம்பி, துணி வாங்கி..."

மடிப்பு நிற்கவில்லை, பிரிந்து பிரிந்து வந்தது. டிங் வந்து கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். இயர்போனைக் காதிலிருந்து கழற்றிப் பாக்கெட்டில் போட்டாள். விளிம்பின் மறு முனையைப் பிடித்து மடித்து அழுத்தினாள்.

"கையும் பெரிசுமா" என்றாள். "அண்ணன் கை இவ்வளவு நீளம் இல்ல."

இருவரும் ஆளுக்கொரு கையை மடித்தார்கள். சட்டை பாவோவின் அளவுக்கு வந்தது. சரியாக அவன் அளவு, மே மாதத்து அளவு. இனி எந்த வருடமும் அதுதான் அளவு. லியூ அதன் மேல் உள்ளங்கையை வைத்தாள். அடிவயிற்றில் எங்கோ ஒன்று அறுந்து மேலே ஏறி வந்தது. எட்டு மாதமாக வராதது, பெட்டி கிளம்பியபோதுகூட வராதது. அவள் பயந்துபோய் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஊரில் யாரும் அழக் கூடாத காலை.

ஹுவே அவள் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"அழுடி" என்றாள். "இது யார் வீட்டு வாசலும் இல்ல."